கரி

துறையைப் பார்த்த மேட்டில்
கூடாரத்தோலை அழுத்திப் பிடித்த கற்கள், இருபத்தொன்று.
ஒட்டினாற்போல்
முழங்கை அகலத்தில் இன்னொரு வட்டம்.
ஏழு கூழாங்கற்கள். வாசலுக்கு ஓர் இடைவெளி.

அடுப்புக் குழியில் கரி அகப்பட்டதும்
மாணவர்கள் கூவினார்கள்.
உலாயுக் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு
வேண்டாம் என்றாள்.
சீல் கொழுப்பு சொட்டி எரிந்தது அது.
கடல் பழைய மூச்சை அடக்கி வைத்திருக்கும்,
நானூறு வருடம் கூட்டிச் சொல்லிவிடும்.
(ஒன்பது கோடை கரடிக்குக் காவல் நின்றதில்
இவ்வளவு பாடம் சேர்ந்திருக்கிறது.)

கரி என்றால் சாட்சி என்றும் பொருள் உண்டு.
இது பொய்ச்சாட்சி.

ஆகவே எலும்பைக் கேட்டோம்.
மஜ்ஜைக்காக உடைத்த கரிபுவின் முன்னங்கால்;
அந்தந்தக் கோடையின் வில்லோ தளிரை மேய்ந்து
அந்தந்தக் கோடையின் காற்றையே உடம்பாக்கிய மிருகம்.
குன்றின் மேல் இன்னும் வரிசையாய் நிற்கும்
கல்லாட்களை மனிதரென்று நம்பி
தண்ணீருக்குள் திரும்பிய மிருகம்.

மார்ச்சில் கடிதம் வந்தது:
இன்றைக்கு அறுநூற்றுப் பத்து ஆண்டுகள் முன்பு,
கூட்டல் கழித்தல் முப்பது.

இன்று என்பது 1950 என்று
அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.
அப்புறம் வெடித்த குண்டுகள்
காற்றின் கணக்கைக் கலைத்துவிட்டனவாம்.

உலாயுக் அதை இரண்டுமுறை படித்தாள்.
அந்த வருடம் கரிபு வரவில்லை, என்றாள்.
அம்மா வயிற்றில் அண்ணன்.
காலணித்தோலை வேகவைத்துத் தின்றார்கள்.
உங்கள் இன்று
அங்கேயேவா நிற்கிறது?

யாரும் பதில் சொல்லவில்லை. கெட்டில் கொதித்தது.

நான் அந்த முப்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஏழு கல் அடுக்கியவள்
அதற்குள் வளர்ந்திருப்பாள்,
தோல் மென்று மென்று முன்பல் தேய்ந்திருப்பாள்,
தன் பிள்ளையோடு இதே துறைக்கு வந்து
இவ்வளவு சின்னதா என்று சிரித்திருப்பாள்.
ஆய்வுக்கூடத்துக்கு அது பிழை.

ஜூலையில் திரும்பி வந்தபோது
அளவுநாடா இடறி ஒரு கூழாங்கல் உருண்டிருந்தது.
பாசி படிந்த பக்கம் மேலே வரும்படி
உலாயுக் அதைக் காலணி நுனியால் நகர்த்தினாள்,
குனிந்து பார்த்தாள்,
வாசலை மறைக்கிறதென்று மறுபடியும் நகர்த்தினாள்.

சரியான இடம்தானா என்றேன்.

கூட்டல் கழித்தல்
ஒரு சாண், என்றாள்.