ஒரு கிலோ நானூறு

பழைய சோனகத் தெருவில் ஆணி நிறுக்கிற தராசில்தான்
இந்த முறையும் பைகளை நிறுத்தோம்.
ஆறரைக்குப் பிறகு, பாதிக் கதவை இறக்கிவிட்டு,
முதலாளி காணாதது போல் இருந்த நேரத்தில்.

எட்டுக் கிலோ. அதற்கு மேல் நூறு கிராமும் ஏற்றப்படாது.
மட்டையில் எழுதிக் கட்டியிருந்தேன்.
வாசிக்கிற சனமா?
இராசமலர் அக்காவின் உரப்பைக்குள் ரைஸ் குக்கர்.
எதற்கு என்றேன்.
ஏன், பாணந்துறையில் கறண்ட் இல்லையோ என்றார்.
கொட்டாஞ்சேனைச் செல்வச்சந்திரன் இரண்டு தலையணை கொண்டுவந்து
இது நிறைக்குள் வராது பிள்ளை,
இது முழுக்கக் காற்று என்று வாதாடினார்.
தராசு ஒன்பது எழுநூறு காட்டியது.
காற்றுக்கு நிறை இருக்கிறது ஐயா என்றேன்.
ஒன்றை விட்டுவிட்டுப் போனார்.
அது இன்னும் பெயின்ற் தகரங்களுக்கு மேல் கிடக்கிறது.

ஜிந்துப்பிட்டிக் கோயில் வாசலிலிருந்து கதிர்காமம்
காலி வீதியால் பதினான்கு நாள்.
நாற்பத்திரண்டு பேர்.
நிஸ்தாரின் பட்டா லொறி ஒன்று.
டீசலோடு தலைக்கு மூவாயிரம்.
காலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்
அன்றைய மடத்திலோ பள்ளிக்கூடத்திலோ இறக்கி வைக்க வேண்டும்.
சாமி கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும்,
எனக்கு நம்பர் மாறக் கூடாது.

முப்பத்தொன்றைக் கொண்டுவந்தது ஒரு பெண்.
மேபீல்ட் வீதி. பெயர், அ. கனகேந்திரன்.
நீலப் பள்ளிக்கூடப் பை.
ஒரு கிலோ நானூறு.
நான் அதை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தேன்.
பாருங்கள்,
போகிறதென்றால் இப்படிப் போக வேண்டும்,
ஒரு மனிதனுக்கு இவ்வளவு போதும் என்றேன்.
அந்தப் பெண் சுவரில் தொங்கிய பூட்டுகளைப்
பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பதினான்கு நாளும் எனக்கு வழி போனில்தான்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே மொறட்டுவை,
கையில் யாருக்கோ எண்ணிக் கொடுக்கிற பிணைச்சல்.
என் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரியாம்.
பதினொன்றின் மருந்து பதினேழோடு போய்விட்டதாம்.
அம்பலாங்கொடையில் படங்கு கிழிந்தது.
மாத்தறையில் ஒரு சோடிச் சண்டை,
அது சாமான் விசயமில்லை, என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்?
ஏழு வருசமாக இந்தக் கொப்பி என்னிடம்.
நான் தெகிவளைக்கு அங்கால் நடந்ததில்லை.

கடைசி நாள் நிஸ்தார் எடுத்தான்.
மிஸ், எல்லாரும் சாமான் எடுத்துட்டாங்க.
ஒரு பேக் மிச்சம்.
ஒவ்வொரு ராவும் இறக்கினேன், சுபஹுக்கு ஏத்தினேன்,
ஒருத்தரும் தொடல்ல என்டு இப்பதான் விளங்குது.

கொப்பியில் இருந்த நம்பருக்கு அடித்தேன்.
அவர் போகேல்லைத் தங்கச்சி என்றார் அந்தப் பெண்.
சீனி வருத்தம். சித்திரையில் இடது காலை எடுத்தது.
அந்தக் காலின்ர செருப்பும் ஒரு வேட்டியும்தான் உள்ளுக்கு.
அதாவது போகட்டும் எண்டார்.

பின்னால் யாரோ வானொலியைக் குறைத்தார்கள்.

பிறகு அவரே கேட்டார்:
பை மகளின்ர, பள்ளிக்கூடம் தொடங்கப் போகுது, திங்களுக்குள்ள வருமோ?
இன்னொன்று,
ஆள் நடக்காதபடியால்
லொறிக் காசில் பாதி திருப்பித் தருவீங்களோ?

என் கொப்பியின் முதல் பக்கத்தில் பதினாறு விதி இருக்கிறது.
நனைந்தால் யார் பொறுப்பு, தொலைந்தால் எவ்வளவு,
பாதி வழியில் திரும்பினால் என்ன.
ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
யாரிடம் கேட்பதென்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லொறி வந்தது.
பழக்கதோசத்தில்
பையை வாங்கித் தராசில் வைத்தேன்.
ஒரு கிலோ அறுநூறு.
திரும்ப எடுத்து, முள்ளைச் சரிபார்த்து, வைத்தேன்.
அதே அறுநூறு.

வெலிகமவில மழை மிஸ்
என்றான் நிஸ்தார்,
கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு,
என்னைப் பார்க்காமல்.