கறுப்புக்குள் ஒரு சதுரம்

மூன்று மானிட்டர்களை ஒரே மேசையில் இறக்கிவிட்டு
"ஏசியைக் கூட்டுங்க சார், இதுக்கும் வியர்க்கும்" என்றான் டிஜோ.
அஜ்மான் சனாயா. ஜூலை.
வெளியே விசா மெடிக்கலுக்கு வந்த வரிசை
சுவர் தரும் ஒரு முழ நிழலுக்குள்
தன்னை மடித்துக்கொண்டு நின்றது.

முதலாவது எண்ணூறு திர்ஹம்.
அதில் சினிமா பார்க்கலாம், சம்பளப் பட்டியல் பார்க்கலாம்.
இரண்டாவது மூன்று மெகாபிக்சல், ஒன்பதாயிரம்.
மூன்றாவது ஐந்து. நிறம் கிடையாது.
"கலர் ஏமாத்தும் சார், சாம்பல் ஏமாத்தாது."
போன ஆஸ்பத்திரியிலும் இதையே சொல்லியிருப்பான்.
விலையை மட்டும் வாயால் சொல்லவில்லை,
கால்குலேட்டரில் அடித்து
பிள்ளையின் போட்டோ காட்டுவதுபோல என் பக்கம் திருப்பினான்.

முதலில் சோதனைப் படம் போட்டேன்.
முழுக் கறுப்பு. அதனுள்
அதைவிட மயிரிழை வெளுத்த கறுப்பில் ஒரு சதுரம்.
தெரிகிறதா என்பதுதான் பரீட்சை.
எண்ணூறு திர்ஹம் இல்லை என்றது,
கேட்டு முடிக்குமுன்னே இல்லை என்கிற குமாஸ்தாபோல.
இரண்டாவது யோசித்தது.
மூன்றாவதில் சதுரம்
நான்கு மூலையோடும் வந்து உட்கார்ந்தது.

"நெஞ்சுப் படம் ஏதாவது போடுங்க" என்றார் டாக்டர் நாதிரா.
வந்தவர்கள் படத்தை வெளி ஆள் முன்னால் திறக்கக் கூடாது.
அதனால் என்னுடையதைத் திறந்தேன்,
பெயரை மறைத்து.

எண்ணூறில் என் நுரையீரல்
கழுவிக் கவிழ்த்த இரண்டு பாத்திரம்.
ஒன்பதாயிரத்தில் வலது மேல்மூலையில்
யாரோ மூச்சுவிட்ட கண்ணாடி.
ஐந்தில்,
காறை எலும்புக்குப் பின்னால்
ஒரு குருணை அரிசி.
சுற்றிலும் நூல் பிரிந்தாற்போல் நாலு இழை.

ஒன்பது வயதில் ஆறு மாதம் சிவப்பு மாத்திரை.
மூத்திரம் ஆரஞ்சாகப் போகும்.
பள்ளியில் எல்லோரும் போய்வந்த பிறகு போவேன்.
ராஜபாளையத்தில் ஒரு டிஸ்பென்சரிக்குத் தெரியும்.
என் மனைவிக்குத் தெரியாது.

பதினோரு வருடத்தில் ஆறு முறை
இதே கட்டடத்தில் சட்டை கழற்றியிருக்கிறேன்.
ஆறு முறையும் ஜன்னல் வெயில் விழுந்த மலிவு மானிட்டரில்
யாரோ என்னைப் பார்த்து, பார்க்காமல்,
'தகுதி' என்று குத்தினார்கள்.
தங்கை கல்யாணம், சத்திரப்பட்டி ரோட்டில் மூன்று சென்ட்,
இந்த நாற்காலி, இந்தத் தேர்வைச் செய்யும் அதிகாரம்,
எல்லாம் அந்த மங்கலின் மேல் எழுப்பியது.

"யாரோடது?"
"சாம்பிள், டாக்டர்."
நாற்காலியை முன்னால் இழுத்தார்.
"பழசு. ஆறின தழும்பு. இவனால யாருக்கும் ஆபத்தில்ல."
பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி,
"ஆனா எழுதித்தான் ஆகணும்.
கண்ணுல பட்டா."
அந்தக் கடைசி இரண்டு சொல்
யாருக்கென்று தெரியவில்லை. டிஜோ டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மார்ச்சில் டம்பர் தாமி என்று ஒரு பெயின்டர்.
வெயில் விழுந்த மானிட்டரில் தகுதி.
பன்னிரண்டு கட்டில் போட்ட அறையில்
ஏழு வாரம் இருமினான்.
அப்புறம் அந்த அறை
ஒவ்வொரு ஆளாக எங்கள் வரிசைக்கு வந்தது.
ஒரு பையனுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை.
எக்ஸ்ரே தட்டில் தாடையை எங்கே வைப்பதென்று
என்னிடம்தான் கேட்டான்.

படிவத்தில் மூன்றாவதை எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒளிர்வு, சீர்மை, ஐந்து வருட வாரண்டி.
மூன்றும் உண்மைதான்.

சாயங்காலம் ஏணி போட்டு
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன்.
ஓரத்தில் ஒரு கீற்று வெயில் நுழைந்தது, அதையும் டேப் வைத்து அடைத்தேன்.
லக்ஸ் மீட்டர் இருபத்தைந்து காட்டியது.
பார்க்கிறவருக்குப் போதுமான இருட்டு.

செப்டம்பர் பதினாலோடு என் விசா முடிகிறது.
சுவருக்கு அந்தப் பக்கம் ஜெரோம்
யாரையோ இந்தியில் அதட்டுகிறான்.
மூச்சை இழு.
பிடி.
நான் சொல்ற வரைக்கும் விடாதே.