இருபத்து மூணு கிலோ

மூணு பிளேன் மாறிப் போனவனின் முதல் குரல்,
நமீபியாவிலிருந்து.
தண்ணி லாரி வரிசையில் நின்று கேட்கிறேன்.

"குளுருது மே.
எவன் சொன்னான் ஆப்பிரிக்கான்னா வெயிலுன்னு?
பனிமூட்டத்துல ஹார்பரே தெரியல,
சங்கு மட்டும் ஊதுது.
ஊரைத் தாண்டினா மணலு, இந்தாண்ட கடலு,
நடுவுல நானு.
நாத்தம் மட்டும் அப்படியே நம்ம காசிமேடு.
சூரியன் இங்க கடல்ல வந்து விழுது,
தலகீழா நிக்கிற மாதிரி கீது எனக்கு."

பிலோமி பின்னாலிருந்து குடத்தால் இடிக்கிறாள்.
"இன்னாவாம்? சிங்கம் பாத்தாராமா?"
"பாத்தாராம்" என்றேன்.

மறுபடி கேட்கிறேன்.
கூட வெல்டிங் பண்ணும் தங்கேனி
தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தானாம்,
முழங்கை கிழிந்தது, டீசல் வாடை.
"பேரக் கேட்டு நம்ம ஊர் ஆளுன்னே நெனச்சேன்."
சிரிப்பின் கடைசியில் இருமுகிறான்.

முடியப் போகிற இடத்தில்தான் அது:
"ஆமா, அந்த நீல ஸ்வெட்டர்
வெச்சதா ஞாபகம். பொட்டில காணோமே."

கிளம்பிய ராத்திரி தராசு முள் தாண்டியது.
எடுத்தவள் நான்.
அந்த இடத்தில் நெத்திலிக் கருவாடு வைத்தேன்,
பாலிதீன் மேல் பாலிதீன் சுற்றி.

டோல்கேட் வீட்டுக் கொடியில் தொங்குகிறது இப்போது,
கத்திரிப் புழுக்கத்தில், கை இரண்டையும் விட்டுக்கொண்டு.

மைக்கை அழுத்திப் பிடிக்கிறேன்.
லாரிக் குழாய் திறந்துவிட்ட இரைச்சல்,
யாரோ யாரையோ திட்டுவது,
பதினோரு வினாடி.
அதுதான் போய்ச் சேர்கிறது அவனுக்கு.