கறுப்பு இல்லாத மேசை

ஓல்ட்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால், பேயாட்டின் பாரில் ஒரு மேசை.
இரண்டு பிராங் போட்டால் வயிற்றைக் கலக்கிப்
பதினாலு பந்தைக் கக்கும்.
பதினைந்தாவது, அந்தக் கறுப்பு, வராது.
நாங்கள் வரத் தொடங்கிய நாளிலேயே இல்லை.

ஒன்றரைக்கு ரயில் பெட்டிகள் கழுவி முடியும்.
வீட்டுக்கு முதல் வண்டி ஐந்து மூன்றுக்கு.
கையில் குளோரின் மணக்க
நானும் பாத்மீரேயும் நெல்சனும்
கறுப்பில்லாமலே ஆடிப் பார்த்தோம்.
எல்லாப் பந்தும் விழுந்த பிறகு
வெள்ளை மட்டும் தனியே நின்றது,
மாப்பிள்ளை வராத கல்யாண வீட்டில்
மேளக்காரன் நிற்பது போல.

பாத்மீரேதான் விரலை வைத்தாள்:
நடுத் துளையிலிருந்து ஒரு சாண் தள்ளி
பச்சைத் துணியில் சிகரெட் சுட்ட தழும்பு,
உள்ளே புகைக்க விட்ட காலத்தது, உளுந்தளவு.
"இதுதான் கறுப்பு. இது அசையாது.
வெள்ளைதான் போய் இதன்மேல் குந்தவேண்டும்."

குந்தினால் போதுமா என்றான் நெல்சன்.
போதாது என்றேன். கரம் ஆடிப் பழகிய கை என்னது.
சிவப்பை விழுத்தினால் பின்னாலேயே இன்னொரு காய் விழவேண்டும்,
இல்லாவிட்டால் சிவப்பு திரும்பவும் நடுவுக்கு.
ஆகவே கடைசிக் காயை விழுத்தாமல் காத்து வை.
இருவர் ஆட, மூன்றாமவர் நடுவர்.

நெல்சன் பியர் அட்டையில் போர்த்துக்கீசில் எழுதினான்.
ஓரத்தில் நான் தமிழில்.
பாத்மீரே எழுதவில்லை.
எழுதினால் பிறகு ஏமாற்ற முடியாதாம்.

கார்த்திகை போனது, மார்கழி போனது.
ஆரே ஆற்றுப் பனிமூட்டம் கண்ணாடியில் வந்து ஒட்டி ஒட்டிப் போனது.
ஒருவரும் குந்த வைக்கவில்லை.

மாசியில் பேயாட் புதுக் கறுப்பொன்று வாங்கிவந்தான்,
ரசீதோடு, பெட்டி பிரிக்காமல்.
ஒழுங்கான ஆட்டம் ஒன்று ஆடினோம்.
பன்னிரண்டு நிமிஷத்தில் நெல்சன் வென்றான்.
மணி ஒன்று ஐம்பத்தைந்து.
மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்,
பிறகு பேயாட்டை.
இப்போது அந்தப் பந்தின் கீழேதான்
அவனுடைய மின்சார பில்கள் பறக்காமல் கிடக்கின்றன.

போன வியாழன் நான் நடுவர்.
நெல்சன் தொட்டும் தொடாமலும் அடித்தான்.
வெள்ளை நடந்து வந்தது,
தழும்புக்கு அரை விரல் முன்னால் நின்றது.
தாடையை மேசை விளிம்பில் வைத்துப் பார்த்து
இல்லை என்று சொல்ல வாயெடுக்கும்போது
பாசல் பக்கமிருந்து சரக்கு வண்டி.
கிளாஸ்கள் ஒன்றோடொன்று பேசின.
வெள்ளை கொஞ்சம் யோசித்து,
உருண்டு,
குந்தியது.

நெல்சன் கோலைத் தலைக்கு மேல் தூக்கினான்.
அடித்தது ரயில் என்றாள் பாத்மீரே.
நடுவர் சொல்லட்டும் என்றான் அவன்.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
இரண்டு பாஷையிலும் ஒன்றுமில்லை.

பேயாட் பில்களிலிருந்து நிமிரவில்லை:
"ரயில் குந்த வைத்ததென்றால்
பின்காய் விழுத்தவேண்டியதும் ரயில்தானே?"

அடுத்த சரக்கு வண்டி நாலு பத்துக்கு.
கோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஒருவரும் மேசையைத் தொடாமல்
காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.