மார்ச் இரவின் எட்டு மணி

சிவப்பு எச்சரிக்கை வந்து பதினோரு நாள்:
டிக்டா 2.3, பாதுகாப்பில் ஓட்டை, உடனே மாற்றவும்.
கிளாக்ஸ்விக்கில் பதினோரு நாளும் மழை.

சால்மன் ஆலையின் சம்பளக் கணக்கு மொத்தமும்
இந்த டிக்டாவின் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது.
எழுதியவர் மொன்டெவிடியோக்காரர்.
பார்த்ததில்லை. காசு கொடுத்ததுமில்லை.
இரவல் என்பதே மறந்துபோயிருந்தது.
அவருடைய கடைசிக் குறிப்பு, ஒன்பது வருடம் முன்பு:
"மகள் பிறந்திருக்கிறாள். பதில்கள் தாமதமாகும்."
அந்த மகள் இந்நேரம்
வகுத்தல் கணக்குப் போடுவாள்.

வேறு யாரோ மூவர் எடுத்து வளர்த்து
ஆறாம் பதிப்புவரை கொண்டுவந்திருக்கிறார்கள்.
எண்ணை மாற்றினேன். ஓட்டினேன்.
நாற்பத்தொரு சோதனைகள் சிவந்தன.

பெரும்பாலும் பெயர் மாற்றம்தான்.
முன்பு கேளாமல் தந்ததை இப்போது
எந்த ஊர் நேரம் என்று கேட்டுவிட்டுத் தருகிறது.
ஹானுஸ் மேசையோரம் காபியை வைத்து
"இன்னும் எத்தனை?" என்றான்.
"போ" என்றேன்.
மதியத்துக்குள் முப்பத்தொன்பது பச்சை.

மிச்சம் இரண்டு.

அக்டோபர் கடைசி ஞாயிறு. கடிகாரம் பின்னோக்கும் இரவு.
பத்து மணிக்கு உள்ளே போய்
ஆறு மணிக்கு வெளியே வருகிறவர்கள்
மீன்முள் பிடுங்குவது ஒன்பது மணி நேரம்.
பழைய டிக்டாவுக்கு ஆறும் பத்தும் மட்டுமே தெரியும்:
எட்டு என்றது.
எங்கள் நிரலில் ஒரு முட்டுக்கம்பு அடியில் நின்றது:
ஒன்று கூட்டு.
மேலே குறிப்பு: "ஏன் என்று தெரியவில்லை. தொடாதே."
புதியது தானே ஒன்பது என்கிறது,
கம்பும் சேர்ந்து பத்து.
சுவர் நிமிர்ந்தபின் கம்பே தள்ளுகிறது.
கம்பைப் பிடுங்கினேன். நாற்பது.

இனி மார்ச்.
முன்னோக்கித் தாவும் இரவு,
உழைப்பு ஏழு மணி நேரம்.
"எட்டு எதிர்பார்த்தேன், ஏழு வந்தது."
இங்கே கம்பு இல்லை.
ஒருபோதும் யாரும் வைக்கவில்லை.

கம்பு வைத்த ட்ரோண்டுர் இப்போது
சுவுரோய் படகில் சமையல்காரன்.
கூப்பிட்டேன். பின்னால் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது.
"அக்டோபரில் புகார் வந்தது, திருத்தினேன்.
மார்ச்சில் வரவில்லை."
"தெரிந்தேவா?"
"என் அக்கா அந்த வரிசையில் நின்றாள், ரான்வோ.
வெங்காயம் கருகுது, வைக்கிறேன்."

எட்டு சரியில்லை.
ஏழு சரிதான்.
சரியை அழுத்த ஒரு பொத்தான் போதும்.
அழுத்தினால் தொண்ணூற்றிரண்டு பேர் சம்பளச் சீட்டில்
ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் கழன்று விழும்.
ஓட்டையை அடைக்கப் போனவள்
யாருடைய பையிலோ கை வைத்திருக்கிறேன்.

மறைத்துவைக்கவும் மனமில்லை.
தொழிற்சங்கத்து யோகில்டிடம் சொன்னேன்.
ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே கேட்டாள்.
"இத்தனை வருடமுமா?"
"இத்தனை வருடமும்."
சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.
"வெள்ளிக்கிழமை வரை தொடாதே."

ஆலைக்காரர்களோடு என்ன பேசினாள், தெரியாது.
வெள்ளியன்று ஒரு தாள் வந்தது,
மீன் வாடையோடு, இரண்டு கையெழுத்தோடு:
மார்ச் மாற்ற இரவுக்கு எட்டு மணி நேரச் சம்பளம்.

டிக்டா ஏழு என்றே சொல்லட்டும்.
அது கடிகாரத்தின் பேச்சு.
கீழே ஒரு வரி எழுதினேன், ஒன்று கூட்டு.
அதன் மேல் தாளின் தேதியும் இதுவும்:
"ஏன் என்று தெரியும். தொடாதே."

நாற்பத்தொன்று.
மூடப்போகையில் மஞ்சளாய் அடுத்த எச்சரிக்கை,
வேறொரு லைப்ரரி,
வேறெங்கோ ஒருவர்.
அவருடைய கடைசிக் குறிப்பை
முதலில் படிக்கப் போனேன்.