ஒன்று புள்ளி நாற்பது

சாவி வந்துவிட்டது.
ஐம்பது எழுத்துக்குக் குறையாது, வாயில் நுழையாத பெயர்.
ஒரு முறைதான் காட்டுவோம், பத்திரப்படுத்திக்கொள் என்றது திரை.
பரக்கத்தின் வங்கி அட்டையில் இரண்டு ரூபாய் பிடித்துப் பார்த்து
இரண்டையும் திருப்பிக் கொடுத்தது.
நாணயமான இடம்தான் என்றாள் அவள்.

நீடாமங்கலம். ரயில்வே கேட் மூடியிருக்கிறது.
கேட்டுக்கு இந்தப் பக்கம் பேரிங் கடை,
அதன் மாடியில் நாங்கள்.
தை பிறந்து எட்டு நாள்.
ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஆறு பெல்ட் வண்டியும்
இரண்டு டயர் வண்டியும் வயலில்.
கணக்கு என் மடியில்.

கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தேன்.
சாவி தவறு.
மறுபடி அடித்தேன். சாவி தவறு.
நகலெடுத்தபோது வால்போல ஒட்டி வந்திருந்தது
ஒரு வெற்றிடம்,
கண்ணுக்குத் தெரியாத பதர்.
தூற்றிவிட்டேன்.
அந்தப் பெயரில் மாடல் இல்லை என்றது அடுத்து.
ஒரு சிறுகோடு விட்டுப்போயிருந்தது.
ரேஷன் அட்டையில் எனக்கும் இப்படித்தான்,
ஒரு கால் விட்டுப்போய்
மாதரசி மதரசியாகி
மூன்று வருடம் வேறு யாரோ ஒருத்தியாக அரிசி வாங்கினேன்.

எந்தப் பிராந்தியம் என்று கேட்டது.
பட்டியலில் நம் ஜில்லா இல்லை.
மும்பை கொடுத்தேன்.
கரண்ட் போயிற்று.
பரக்கத் தன் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தாள்,
அங்கேதான் நாலு கோடு எடுக்கும்.

வந்தது.
நான்தான் முதலில் வணக்கம் சொன்னேன், பழக்கதோஷம்.
பில் போடும் புரோகிராமைக் காட்டினேன்.
யூட்யூப் பார்த்து நானே எழுதியது,
எது எங்கே கிடக்கிறதென்று இப்போது எனக்கே தெரியாது.
டீசலுக்கும் வசூலுக்கும் நடுவில்
எங்கோ ஒழுகுகிறது, பார் என்றேன்.

ஒவ்வொரு கோப்பைத் திறக்கவும் என்னிடம் அனுமதி கேட்டது.
இந்த ஆபீசில் என்னிடம் கேட்டு
யாரும் எதையும் திறந்ததில்லை.
சரி. சரி. சரி.
நடுவில், அளவு தாண்டிவிட்டது, ஒரு நிமிடம் பொறு என்றது.
முறைவைத்துத் தண்ணீர் விடுகிற ஊர்க்காரிக்கு
ஒரு நிமிடம் பெரிதா?
கேட் திறந்தது. லாரிகள் நகர்ந்தன. கேட் மூடியது.

பிறகு ஒரு கேள்வி.
டிரைவர் 1.40 என்று எழுதினால்
அது ஒரு மணி நாற்பது நிமிடமா,
ஒன்று புள்ளி நான்கு மணியா?

பரக்கத் என்னைப் பார்த்தாள்.
நான் ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளைப் பார்த்தேன்,
கிரீஸ் விரல் பதிந்தவை.
நிமிடம்தான். என்றைக்கும் நிமிடம்தான்.
மணிக்கு இரண்டாயிரத்து நானூறு.
நாலாயிரம் வாங்க வேண்டிய இடத்தில்
மூவாயிரத்து முந்நூற்று அறுபது.
மூன்று சம்பா, இரண்டு குறுவை.

ஒரு வரிதான் என்றது.
பழையதைச் சிவப்பில் காட்டியது, புதியதைப் பச்சையில்.
மாற்றவா?
மாற்று.
பழைய பில்களையும் திருத்தி
யார் யார் எவ்வளவு பாக்கி என்று பட்டியல் போடவா?

கோவில்வெண்ணி ஞானசௌந்தரி,
ஒன்றே கால் ஏக்கர் குத்தகை,
மழையில் சாய்ந்த கதிர்.
ஈரப்பதம் இருபத்திரண்டு என்று தள்ளிவிட
கொள்முதல் நிலையத்தில் பதினோரு ராத்திரி
மூட்டைமேல் படுத்தவள்.
யாரும் தராத தள்ளுபடியை
என் பிழை தந்திருக்கிறது.

ஆனால் பேட்டாவும் அதே மணிக்கணக்கில்தான்.
குறையுதே அக்கா என்று
போன வருடம் இதே படியில் நின்று கேட்டான் மாரப்பன்.
கம்ப்யூட்டர் போட்டது தப்பாகாது என்றேன்.

டிரைவர்களுக்கு மட்டும், என்று அடித்தேன்.
விவசாயிகளுக்கு? என்றது.
வேண்டாம்.
ஏன் என்று கேட்கும் என நினைத்தேன். கேட்கவில்லை.
முதலாளி கேட்பார்.

மூடும்போது கீழே ஒரு வரி:
இதுவரை செலவு 17.40.
இதாவது பைசாதானே? என்றாள் பரக்கத்.