நான்கு மில்லிமீட்டர்

விடிகாலை மூன்று மணிக்கு மாவு பிசையப் போகிறவள் நான்.
அதனால் கல் வேண்டாம், பூ வேண்டாம்,
ரை மாவு புகுந்து ஒளிந்துகொள்ளும்
எந்தச் சித்திரவேலையும் வேண்டாம் என்று
கடைப்படி ஏறும் முன்பே சொல்லிவிட்டேன்.

டோபியாஷ் தலையாட்டினான்.
கப்பல் பழுதுபார்க்கும் துறையில் கடைசல் இயந்திரம் அவனுடையது.
மோதிரத்தோடு அதனருகே போன ஒருவரின் விரலை
அவன் பார்த்திருக்கிறான்.
அதற்கு மேல் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

க்டீனியாவில் அன்று பனி சேறாகிக் கிடந்தது.
பானி லுட்மிலா தட்டுகளை ஒவ்வொன்றாக
அடுப்பிலிருந்து எடுப்பதுபோல் வெளியே இழுத்தாள்.
வளைந்தது, தட்டையானது, ஓரம் சீவியது,
பளபளப்பைக் கொன்று மங்கலாக்கியது.
"தினமும் போடவா, ஞாயிற்றுக்கிழமைக்கா?"

அப்படியொரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது.
என் முதல் கல்யாணம்
ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத்தான் இருந்தது.

"தினமும்" என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.

ஐந்நூற்று எண்பத்தைந்து என்று உள்ளே குத்திய வளையம்.
மாற்றுக் குறைந்ததுதான், அவள் மறைக்கவில்லை:
"சுத்தத் தங்கம் மெத்தென்றிருக்கும்.
நாலு வாளி தூக்கினால் முட்டை வடிவாகிவிடும்.
இதில் செம்பு இருக்கிறது, வெள்ளி இருக்கிறது. தாங்கும்."
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அவனிடம் பேசாத ஒரு மகள்,
என்னிடம் தீராத ஒரு வங்கிக் கடன்.

அளவுக்கென்று இரண்டு பித்தளை வளையங்கள் கொடுத்தாள்.
ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

டிராலிபஸ் கம்பியைப் பிடித்தால் டிங்.
கோப்பையை எடுத்தால் டிங்.
இத்தனை காலம் நான்
இவ்வளவு பொருள்களைத் தொட்டுக்கொண்டா இருந்தேன்?
அடுப்பருகே இறுக்கம், தெருவில் தளர்வு,
இரண்டும் ஒரே விரல்தான்.
புதன்கிழமை விரலில் பச்சைக் கோடு.
வியாழக்கிழமை வளையமே இல்லை.

நாற்பது ரொட்டிக்கான மாவு, தொட்டியில் உப்பிக் கிடந்தது.
போன் செய்தேன். வேலைக்குப் போகிற வழியில் வந்தான்.
சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி
இருவரும் இரு பக்கமிருந்து துழாவினோம்.
ஒட்டுகிற மாவில் தேடுவது என்பது
பாதி நேரம் அடுத்தவர் கையைக் கண்டுபிடிப்பது.

அப்போதுதான் சொன்னான், மாவைப் பார்த்தபடியே:
அந்த விரல் அவன் அண்ணனுடையது.
மிகோவாய் இப்போது மோதிரத்தை
இடக்கையில் போட்டிருக்கிறானாம்.
இந்த ஊரில் இடக்கை மோதிரம் என்றால் மனைவியை இழந்தவன்.
சந்தையில் பெண்கள் அவனைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள்.
பக்கத்தில் அண்ணி
முட்டைக்கோசைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.
வளையம் அவன் பக்கம்தான் கிடந்தது.
அன்று ரொட்டி ஒரு மணி நேரம் தாமதம்.

சனிக்கிழமை போய்ச் சொன்னோம்:
நான்கு மில்லிமீட்டர், வெறும் வளையம்,
உள்பக்கம் உருண்டை, சுலபமாகக் கழல வேண்டும்.
கழல வேண்டுமா, என்று பேனாவை நிறுத்தினாள்.
ஆமாம்.
தினமும் போடுகிற எங்கள் மோதிரம்
தினமும் எட்டு மணி நேரம் ஆணியில் தொங்கும்.
அவனுடையது தொழிற்சாலை அலமாரிக்குள்,
என்னுடையது சல்லடைக்குப் பக்கத்தில்.
கழற்றுவதும் மாட்டுவதும்தான் எங்கள் தினமும்.

அவள் எழுதிக்கொண்டாள். தங்கம் இவ்வளவு, செய்கூலி இவ்வளவு.
சேதாரம் என்று எதுவும் போடவில்லை.
அது இனிமேல், எங்கள் கையில்.

திருப்பிக் கொடுத்த பித்தளை வளையத்தை
வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் சுரண்டி
முகர்ந்து பார்த்தாள் பானி லுட்மிலா.
"புளித்த மாவா?" என்றாள்.
"எந்தத் தெருவில் உங்கள் கடை?"